'கேண்டிட்' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

கேள்வி: எங்கள் திரைப்படச் சங்கத்தில் பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களின் புகைப்படக் கண்காட்சி வைக்கிறோம். கிடைத்த படங்கள் பலவற்றில் 'கேண்டிட்' (போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுத்தது) என்ற குறிப்பு இருக்கிறது. பார்த்தால் போஸ் கொடுத்தது போலவே தெரிகிறது. எதை நம்பிக் குறிப்பு எழுதுவது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. 1930களிலிருந்து 50கள் வரை, நட்சத்திரங்களின் படங்களில் பெரும்பகுதி ஸ்டுடியோக்களின் விளம்பரப் பிரிவு வழியாகவே வெளியே போனது. சமையலறையில் நடிகை, தோட்டத்தில் நாயோடு நடிகர் என்று ரசிகர் பத்திரிகைகளில் வந்த 'வீட்டுப் படங்கள்' பெரும்பாலும் முன்கூட்டியே பேசிவைத்து எடுத்தவை.

ஸ்டுடியோ போர்ட்ரெய்ட்டில் குழப்பமே வராது. ஜார்ஜ் ஹரெல், கிளாரன்ஸ் சின்க்ளேர் புல் போன்ற ஸ்டுடியோ புகைப்படக்காரர்கள் 8x10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவில் எடுத்தார்கள். எதிரில் இருப்பவர் அசையாமல் இருக்க வேண்டும். அப்புறம் நெகட்டிவிலேயே பென்சிலால் தோலைச் சீராக்குவார்கள். இமைமுடி ஒவ்வொன்றும் துல்லியமாக, தோல் மட்டும் மாசுமருவில்லாமல் இருந்தால் அது இந்த வகைதான்.

சிக்கல் இயல்பாகத் தெரியும் படங்களில்தான். மர்லின் மன்றோவின் வெள்ளைக் கவுன் பறக்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 செப்டம்பரில், நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூவில், 'தி செவன் இயர் இட்ச்' படப்பிடிப்பில் எடுத்தது. பத்திரிகைப் புகைப்படக்காரர்களை வரவழைத்திருந்தார்கள், வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம். காற்று தற்செயலாக வீசவில்லை. அந்தக் காட்சியைப் பிறகு ஸ்டுடியோவில் செட் போட்டு மறுபடி எடுத்தார்கள். ஆனால் உலகம் சுற்றியது தெருவில் எடுத்த புகைப்படங்கள்தான். விளம்பரம் என்ற அளவில் அந்த இரவு முழு வெற்றி.

இன்னொரு படம் இதற்கு நேரெதிர். 1957இல் பெவர்லி ஹில்ஸ் ரொமனாஃப்ஸ் உணவகத்தில் இத்தாலிய நடிகை சோஃபியா லோரனுக்கு வரவேற்பு விருந்து. பக்கத்தில் உட்கார்ந்த ஹாலிவுட் நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்டின் தாழ்ந்த கழுத்து உடையை லோரன் ஓரக்கண்ணால் பார்க்கிறார். விருந்தே விளம்பரத்துக்காக நடந்தது, மேன்ஸ்ஃபீல்ட் கேமராவுக்காகவே சிரிக்கிறார். லோரனின் அந்தப் பார்வையை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேன்ஸ்ஃபீல்டின் உடை நழுவிவிடுமோ என்று பயந்ததாக லோரனே பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். ஒரே சட்டகத்துக்குள் போஸும் நிஜமும் சேர்ந்தே இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதனால் 'போஸா, கேண்டிடா' என்பதை விட, 'கேமரா இருப்பது யாருக்குத் தெரியும், அதை யார் வரவழைத்தார்கள்' என்று கேளுங்கள். இரவு விடுதிப் படங்களில் ஃபிளாஷைக் கவனியுங்கள். அந்தக் காலப் பத்திரிகைக் கேமராவில் ஒரு படம் எடுத்ததும் பல்பை மாற்ற வேண்டும், ஃபிலிம் ஹோல்டரைத் திருப்ப வேண்டும். முதல் வெளிச்சம் பட்டதுமே மேசையில் இருக்கும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். ஒரே மேசையைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் கிடைத்தால், அவர்கள் ஒத்துழைத்திருக்கிறார்கள் என்றே கொள்ளலாம்.

அசல் பிரிண்ட் என்றால் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரையோ, தட்டச்சு செய்து ஒட்டிய குறிப்புத் தாளோ இருந்தால் அது விளம்பரப் பிரிவு அனுப்பியது. அந்தத் தாளில் 'கேண்டிட்' என்று இருந்தாலும் அது அவர்கள் சொல்வதுதான், ஆதாரமாகாது.

கையடக்கமான 35 மி.மீ. ஃபிலிம் கேமராவும் இருக்கிற வெளிச்சமும் மட்டும் வைத்து எடுத்த படங்களில் நிஜத்துக்கு வாய்ப்பு அதிகம். ஆனாலும் 1955இல் புகைப்படக்காரர் எட் ஃபைங்கெர்ஷ் நியூயார்க்கில் மன்றோவோடு சுற்றி எடுத்தவை 'ரெட்புக்' பத்திரிகைக்காக எடுத்தவை, மன்றோவுக்கும் தெரிந்தே நடந்தவை. அவை அற்புதமான படங்கள், ஒளிந்திருந்து எடுத்தவை அல்ல.

குறிப்பில் இடம், ஆண்டு, எடுத்தவர் பெயர், எந்தச் சந்தர்ப்பம் என்று எழுதுங்கள். மன்றோ படத்துக்கு 'பத்திரிகையாளர்களை அழைத்து நடத்திய படப்பிடிப்பில்' என்றும், லோரன் படத்துக்கு 'விளம்பர விருந்தில், தற்செயலான ஒரு பார்வை' என்றும் போடலாம். உறுதியாகத் தெரியாத படங்களில் 'கேண்டிட்' என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள்.