ராத்திரியிலும் ஓடும் மீட்டர்: கேள்வி-பதில்

கே: ஓடிய தண்ணீரின் அளவைப் போனில் காட்டும் ஸ்மார்ட் வாட்டர் மீட்டர் மாட்டினால் பள்ளியின் தண்ணீர்ச் செலவு தானாகப் பாதியாகிவிடும் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? (தாளாளர், திருப்பூர்)

ப: கூடாது. மீட்டர் எண்ணும், குழாயை மூடாது.

கே: தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பள்ளிகளில் மீட்டரை வைத்தே நிறைய மிச்சம் பிடித்தார்களாமே? பிள்ளைகள்தான் வீணாக்குகிறார்கள் என்று எங்கள் நிர்வாகம் சொல்கிறது. (ஆசிரியை, மதுரை)

ப: பிடித்தார்கள்தான், ஆனால் எப்படி என்பதையும் கேளுங்கள். 2018-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு போட்ட ஊர் அது. வறட்சியின்போது அங்கே 105 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. மீட்டர் எல்லாப் பள்ளியிலும் இருந்தது. செலவுக் கணக்கைப் புரியும்படி கையில் கொடுத்து, பள்ளிகளுக்குள் போட்டியும் வைத்துப் பார்த்ததில் 15 முதல் 26 சதவீதம் வரை குறைந்தது. கணக்கைப் பார்க்க ஓர் ஆளும், பார்த்ததும் பிளம்பரைக் கூப்பிட ஓர் ஆளும் இல்லாமல் மீட்டர் மட்டும் வாங்குவது வீண்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன், இது எனக்கு ரொம்ப நாள் எரிச்சல். சுவரில் வாசகம் எழுதி, பேச்சுப் போட்டி வைத்து, கை கழுவுகிற குழந்தையைத் திட்டுவார்கள். மாடியில் மிதவை வால்வு கெட்டுத் தொட்டி வழிவதையும், கழிப்பறையில் ஃப்ளஷ் ஒழுகுவதையும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கேட்டைப் பூட்டும்போது ஒரு ரீடிங், காலையில் திறக்கும்போது ஒரு ரீடிங் எடுக்கச் சொல்லுங்கள். யாருமே இல்லாத பள்ளியில் எண் ஏறியிருந்தால் அது எந்தப் பிள்ளையின் வேலை? நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினாலே 12 மணி நேரத்தில் 720 லிட்டர். ஒன்று கவனம்: மீட்டர் மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இருக்க வேண்டும். ஏறும் குழாயில் இருந்தால் மோட்டார் ஓடும்போதுதான் எண் நகரும், கழிப்பறைக் கசிவு தெரியாது. தொட்டி வழிவதை மட்டும் மாடி ஏறிக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கே: எங்களுடையது அரசுப் பள்ளி, அவ்வளவு காசில்லை. (சேலம்)

ப: ஐ.எஸ். 779 (தண்ணீர் மீட்டருக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள சாதா மீட்டர், ஒரு நோட்டு, எட்டாம் வகுப்பில் அக்கறையுள்ள ரெண்டு பேர். போதும்.

கே: முழுப் பணம் கட்டி மீட்டர் போட்டோம். ஒரு வருஷத்தில் ஆப் திறக்கவில்லை. சந்தா கட்டினால்தான் பழைய கணக்கையே பார்க்கலாமாம். கொட்டேஷனில் சந்தா பற்றி ஒரு வார்த்தை இல்லை. (பெற்றோர் ஆசிரியர் கழகம், கோவை)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, இது ஏமாற்று. கொட்டேஷன், பில், பணம் கட்டிய ரசீது எல்லாம் வைத்து முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வாங்கியது வியாபாரத்துக்கு அல்ல, பள்ளி உபயோகத்துக்கு என்று புகாரிலேயே எழுதுங்கள். என் வீட்டிலும் போனில் இயங்குகிற மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்று சுவரில் தொங்குகிறது, அதன் ஆப் போன இடம் தெரியவில்லை. அதனால் இனி வாங்குபவர்கள் மீட்டரின் முகப்பிலேயே எண் தெரிகிறதா என்று பாருங்கள், கணக்கு யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கே: மீட்டர் ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. பில் வாங்கவில்லை, வாரண்டி கார்டும் கிடைக்கவில்லை. யார் மேல் கேஸ் போடலாம்? (ஈரோடு)

ப: பில் கேட்காமல் வந்தவர் மேல் போடுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் மணல் வரும், மீட்டருக்கு முன்னால் வலை வடிகட்டி வைத்தீர்களா? அதுவும் இல்லை என்றால் அடுத்த மீட்டரும் நிற்கும்.

கே: தண்ணீர் வராத நேரத்திலும் மீட்டர் சுற்றுகிறது. பேய் என்கிறார் வாட்ச்மேன். (திண்டுக்கல்)

ப: காற்று. விட்டு விட்டு சப்ளை வரும் ஊரில், தண்ணீருக்கு முன்னால் குழாயிலிருந்து தள்ளப்படும் காற்றும் சுழல் மீட்டரைச் சுற்றும். மீட்டருக்கு முன்னால் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு போடச் சொல்லுங்கள்.