விண்டோஸ் 11: கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பலாமா?

கேள்வி: வீட்டில் இரண்டு கணினிகள். 2019-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் (இன்டெல் ஐ5-9400, 8 ஜிபி ராம்), 2017-ல் வாங்கிய லேப்டாப் (ஐ3-6006யு, 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க்). இரண்டிலும் விண்டோஸ் 10. விண்டோஸ் 11-க்கு மாறப் பார்த்தால் இரண்டுமே தகுதியில்லை என்று வருகிறது. புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். வேறு வழி உண்டா? மனைவி இன்னமும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார். அதற்குச் சிக்கல் வருமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: டெஸ்க்டாப்புக்குப் புதிதாக ஒரு பைசா செலவில்லை. லேப்டாப் விஷயத்தில் கடைக்காரர் சொல்வது பாதி சரி.

முதலில் பார்க்க வேண்டியது பிராசஸரின் தலைமுறை. இன்டெல் என்றால், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11 ஏற்கும். 9400 என்பது ஒன்பதாம் தலைமுறை, 6006 ஆறாம் தலைமுறை. ஆகவே டெஸ்க்டாப் தேறும், லேப்டாப் தேறாது.

தேறுகிற டெஸ்க்டாப்பை ஏன் மறுக்கிறது? பெரும்பாலும் காரணம் டிபிஎம் 2.0, அதாவது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி. இதற்காகத் தனிச் சில்லு வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். உங்கள் இன்டெல் அமைப்பிலேயே 'பிடிடி' என்ற பெயரில் அது இருக்கிறது. அசெம்பிள் செய்த கணினிகளில் பலவற்றில் பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பு) அதை அணைத்தே வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். கணினி இயங்கத் தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயோஸுக்குள் போய், 'இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி' என்பதை இயக்குங்கள். போர்டுக்குப் போர்டு இடம் மாறும். செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, பெரிஃபெரல்ஸ் மூன்றிலும் தேடுங்கள்.

அதன் பிறகும் மறுத்தால், 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பயோஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'லெகசி' (பழைய முறை) என்றிருந்தால் அதை யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பயோஸில் எடுத்த எடுப்பில் மாற்றிவிட்டால் விண்டோஸ் திறக்கவே திறக்காது. விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை முதலில் யுஇஎஃப்ஐ-க்கு ஏற்ற ஜிபிடி அமைப்புக்கு மாற்றி, அப்புறம்தான் பயோஸ் பக்கம் போக வேண்டும். கமாண்ட் அடித்துப் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்பே புகைப்படங்கள், ஆவணங்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

மாறுவது இலவசம், இருக்கும் விண்டோஸ் 10 உரிமமே போதும். பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். மாறியபின், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பின்னாளில் பயோஸில் எதையாவது தொட்டால் கணினி அதைக் கேட்கும். சாவி இல்லையென்றால் கோப்புகள் போனது போனதுதான்.

இனி லேப்டாப். தடையைச் சுற்றிப்போகும் குறுக்கு வழிகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி நிறுவியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வந்தாலும் 4 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்க்கும் வைத்துக்கொண்டு விண்டோஸ் 11 தவழும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆனால் 'இஎஸ்யு' என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்பது மைக்ரோசாஃப்டின் அறிவிப்பு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் கட்டணமில்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும்.

அதற்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை நிறுவுங்கள். இணையம், மின்னஞ்சல், கடிதம் அடிப்பது எல்லாவற்றுக்கும் தாராளம். விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள் டேலியைப் பயன்படுத்துபவராக இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள்.

பாமினிக்கு வருவோம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. டெஸ்க்டாப்பில் அழிக்காமல் மேம்படுத்தினால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். லேப்டாப்பைத் துடைத்துப் புதிதாக நிறுவினால் போய்விடும். அப்போது பழைய கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து தெரியும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பதறி அழித்துவிடாதீர்கள். எழுத்துருக் கோப்பை முன்னதாக ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துத் திரும்ப நிறுவினால் தமிழ் வந்துவிடும். லினக்ஸிலும் இதே வழிதான். புதிதாக அடிப்பதையாவது, தனி எழுத்துரு தேவைப்படாத பொதுத் தரமான யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள்.