வேலுத்தம்பிக்கு ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில்?

கேள்வி: திருவிதாங்கூரின் தளவாயாக (மன்னரின் தலைமை அமைச்சராக) இருந்த வேலுத்தம்பி தமிழர் என்கிறார் என் மாமனார். மலையாளி என்கிறான் திருவனந்தபுரத்தில் படிக்கும் என் மகன். சாப்பிட உட்கார்ந்தால் இதே வழக்கு. தீர்ப்புச் சொல்லுங்கள். (வாசகி, பாறசாலை)

பதில்: அவர் பிறந்த தலக்குளம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது, மாமனாருக்கு ஒரு மதிப்பெண். குடும்பம் மலையாளம் பேசிய நாயர் குடும்பம், பையனுக்கும் ஒன்று. 1956இல் கிழித்த எல்லையை வைத்துக்கொண்டு 1765இல் பிறந்தவருக்கு ரேஷன் கார்டு எழுத முடியாது அம்மா. வழக்கு தள்ளுபடி.

சண்டை போட்டே ஆகவேண்டும் என்றால் இதற்குப் போடச் சொல்லுங்கள்: அவர் வீரரா, பிடிவாதக்காரரா? மனிதர் இரண்டு முறை கிளர்ந்தெழுந்தார். இரண்டு முறையும் காரணம் பணம். 1799இல், காரியக்காரர் என்ற தாசில்தார் வேலையில் இருந்த அவரிடம், காலியான கஜானாவை நிரப்ப அன்றைய தளவாய் ஜயந்தன் நம்பூதிரி கட்டாய வசூலுக்கு ஆள் அனுப்பினார். மூன்று நாள் தவணை கேட்டு ஊர் திரும்பிய வேலுத்தம்பி, பணத்துக்குப் பதில் நாஞ்சில் நாட்டாரைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனார். நம்பூதிரியின் தளவாய் பதவி பறிபோயிற்று. அவருடைய கூட்டாளிகள் இருவருக்குக் காதும் போயிற்று.

பிறகு அவரே தளவாய் ஆனார். 1804இல் நாயர் படையின் படியைக் குறைக்கப்போக, படை அவர் மேலேயே பாய்ந்தது. கொச்சிக்கு ஓடி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட் (பிரதிநிதி) காலின் மெக்காலேயிடம் உதவி கேட்டார். (நம் பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கிலம் கொண்டுவந்த மெக்காலேக்கு இவர் பெரியப்பா.) உதவிக்கு விலை 1805 உடன்படிக்கை: கம்பெனிப் படைச் செலவுக்குத் திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்டவேண்டும், முன்பு கட்டியதைப்போல இரு மடங்கு. பாக்கி ஏறியது, மெக்காலே நெருக்கினார். ஜயந்தன் நம்பூதிரி அனுப்பிய அதே ஓலைதான், இந்த முறை இங்கிலீஷில்.

1808 டிசம்பரில் கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனோடு சேர்ந்து கொச்சியில் மெக்காலேயின் மாளிகையைத் தாக்கினார், துரை தப்பிவிட்டார். 1809 ஜனவரி 11 அன்று வேலுத்தம்பியின் குண்டறை அறிக்கை வந்தது. கம்பெனி கையில் நாடு போனால் உப்பு அவர்கள் வசமாகும், தென்னைக்கும் வரி விழும் என்று மக்களை எச்சரித்தது அது. சாதிக் கட்டு குலைந்துவிடும் என்ற அச்சத்தையும் அதே மூச்சில் கிளப்பியது. மேடையில் இந்தப் பாதியை யாரும் வாசிப்பதில்லை.

பிப்ரவரி 10 அன்று, திருவிதாங்கூர் படையின் டச்சுத் தளபதி டி லன்னாய் முன்பு பலப்படுத்திய ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையை ஆங்கிலேயர் இரவில் மலையேறிப் பிடித்தார்கள். இன்று காற்றாலைகள் சுழலும் அதே கணவாய்தான். உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையின்றி விழுந்தன. வேலுத்தம்பி மண்ணடிக் கோயிலில் உயிரை விட்டார். உடலைத் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலைக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள்.

கேள்வி: அவருடைய வாளைப் பார்க்க முடியுமா? (அதே வாசகி)

பதில்: கிளிமானூர் அரண்மனையில் இருந்த அதை 1957இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் கொடுத்தார்கள். டெல்லியில் கிடந்து, 2010இல் திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்துக்கு வந்தது. மாமனாரையும் பேரனையும் சேர்த்தே அனுப்புங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், மூடியிருக்கும்.