ரீசெட் பட்டன மறுபடி மறுபடி அமுக்காதீங்க: டீசல் வாட்டர் ஹீட்டர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நான் பெங்களூர் அல்சூர்ல லேடீஸ் பிஜி (மாச வாடகைக்குத் தங்குற விடுதி) நடத்துறேன், 40 பொண்ணுங்க இருக்காங்க. மாடில டீசல்ல ஓடுற வாட்டர் ஹீட்டர். ஒரு வாரமா காலைல அஞ்சு மணிக்கு ஆன் பண்ணா மோட்டார் சுத்துது, கொஞ்ச நேரத்துல நின்னு சிவப்பு லைட் எரியுது. ரீசெட் அமுக்கி அமுக்கி நாலாவது அஞ்சாவது தடவ 'டம்'முனு பத்திக்குது. மெக்கானிக் ஞாயித்துக்கிழமதான் வருவாராம், அதுவரைக்கும் இப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓட்டவே ஓட்டாதீங்கம்மா, முதல்ல போய் மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வந்து மீதிய படிங்க. அந்த 'டம்'முங்கிற சத்தம்தான் எனக்கு பயம். நீங்க ஆன் பண்ணதும் ஃபேன் பத்து பதினஞ்சு செகண்ட் சுத்தி உள்ள இருக்கிற பழைய காத்த வெளிய தள்ளும், அப்புறம் எலக்ட்ரோடுங்கிற ரெண்டு கம்பி நுனில சுமார் 10,000 வோல்ட்டுல ஸ்பார்க் வரும், சோலினாய்டுங்கிற கரண்ட் வால்வ் திறந்து, நாசில்ங்கிற பொடி ஓட்ட மூக்கு வழியா டீசல் பனி மாதிரி தூவும். தீ பிடிச்சுதான்னு போட்டோசெல் பாத்துக்கிட்டே இருக்கும், சில செகண்டுக்குள்ள வெளிச்சம் தெரியலன்னா கண்ட்ரோல் பாக்ஸ் எல்லாத்தையும் நிறுத்தி சிவப்பு லைட்ட போட்டுரும், இதத்தான் லாக்அவுட்னு சொல்றோம். ஆனா அந்த சில செகண்டுல தூவுன டீசல் எங்கயும் போகாது, தீ எரியுற சேம்பருக்குள்ளயே தங்கிரும். நாலு தடவ அமுக்குனா நாலு தடவ தூவுனது உள்ள நிக்குது, அஞ்சாவது தடவ ஸ்பார்க் வந்ததும் எல்லாம் சேந்து ஒரே அடியா பத்திக்குது.

ஒரு லாண்டரில நான் கண்ணால பாத்தேன், ராத்திரி ஷிப்ட் பையன் ஒம்போது தடவ அமுக்கியிருக்கான். நான் போறப்ப ஹீட்டரோட முன் கதவு கீல் பேந்து தொங்குது, சிம்னி ஜாயிண்ட் கழண்டு சுவரு பூரா கரி, எதிர்ல கொடில போட்டிருந்த வெள்ள பெட்ஷீட் அத்தனையும் கருப்பு. அந்த நேரம் பையன் டீ குடிக்க வெளிய போயிருந்ததால பொழச்சான்.

சத்தத்த வச்சே பாதி வியாதிய சொல்லிரலாம். சிம்னில புகை வாசனைகூட இல்லாம சும்மா நிக்குதுன்னா எண்ணெய் வரல: டேங்க் காலி, ஃபில்டர் அடைப்பு, இல்ல பைப் ஜாயிண்ட்ல காத்து இழுத்து ராத்திரியோட ராத்திரியா எண்ணெய் டேங்குக்கே திரும்பிருச்சு. உங்களது 'டம்'முனு பத்துது, அப்போ எண்ணெய் வருது, ஸ்பார்க்தான் லேட்டு. மெக்கானிக் வந்ததும் எலக்ட்ரோட கழட்டச் சொல்லி நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. நுனி ரெண்டுக்கும் நடுவுல பொதுவா 3ல இருந்து 4 மில்லிமீட்டர் கேப் இருக்கணும் (உங்க மெஷின் புக்குல சரியான அளவு போட்டிருப்பான்), நுனி எண்ணெய் தூவுற வழில நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. எலக்ட்ரோட சுத்தியிருக்கிற வெள்ளப் பீங்கான டார்ச் அடிச்சு நகத்தால மெல்ல வருடிப் பாக்கச் சொல்லுங்க, தலமுடி மாதிரி ஒரு கீறல் இருந்தாலும் காலை ஈரத்துல ஸ்பார்க் அந்தக் கீறல் வழியா பாடிக்கு ஓடிரும், வெயில் ஏறுனதும் ஒழுங்கா வேல செய்யும், அதனாலதான் பல பேர் "மத்தியானம் நல்லா ஓடுதே"னு விட்டுருவாங்க.

ரெண்டு வார்த்த மனசுல வச்சுக்கோங்க. லாக்அவுட் ஆனா ஒரே ஒரு தடவ ரீசெட், அதுவும் ரெண்டு நிமிஷம் கழிச்சு, அதுலயும் பத்தலன்னா ஆள் வர்ற வரைக்கும் தொடக் கூடாது. இப்ப உங்க சேம்பருக்குள்ள எண்ணெய் தேங்கியிருக்கும், அத துணி வச்சு ஒத்தி எடுத்து நல்லா காத்தாட விட்ட பிறகுதான் மறுபடி பத்த வைக்கணும், மெக்கானிக்கிட்ட இத மறக்காம சொல்லிருங்க, நீங்க எத்தன தடவ அமுக்குனீங்கன்னும் மறைக்காம சொல்லுங்க.

கேள்வி: ஸ்ரீராமபுரத்துல சின்ன லாட்ஜ் வச்சிருக்கேன். சென்னைல ஒரு ஹோட்டல் மூடுறாங்கன்னு அவங்க டீசல் ஹீட்டர வாங்கிட்டு வந்தேன். அங்க போய் ஓட விட்டுப் பாத்துதான் வாங்குனேன், சிம்னில புகையே இல்ல. இங்க மாட்டுனதுல இருந்து கருப்புப் புகை, பக்கத்து வீட்டம்மா தெனமும் சண்ட. ஏமாத்திட்டாங்களா?

பதில்: வித்தவர் மேல தப்பு இருக்கிற மாதிரி தெரியல. சென்னை கடல் மட்டம், நம்ம பெங்களூர் சுமார் 3,000 அடி உயரம், இங்க காத்து கிட்டத்தட்ட 10 சதவீதம் லேசு. ஃபேன் அதே வேகத்துல சுத்தும், அதே அளவு காத்தத்தான் தள்ளும், ஆனா அதுல ஆக்சிஜன் கம்மி, டீசல் மட்டும் குறையாம வருது. எரியாம மிஞ்சுற கார்பன்தான் அந்தக் கரும்புகை. ஒரு லிட்டர் டீசல் ஒழுங்கா எரிய இங்க 12, 13 கன மீட்டர் காத்து வேணும், ஒரு சின்ன பாத்ரூம் அளவு காத்துன்னு வச்சுக்கோங்களேன். ஏர் டேம்பர (காத்து உள்ள போற வழிய கூட்டிக் குறைக்கிற தகடு) கொஞ்சம் திறந்தாலே பெரும்பாலும் சரியாயிரும், அதுலயும் போகலன்னா நாசில் ஒரு சைஸ் குறைக்கணும்.

நாசில்ல 1.25, 60 டிகிரின்னு பொடி எழுத்துல குத்தியிருக்கும். முதல் நம்பர், 7 பார் பிரஷர்ல மணிக்கு எத்தன அமெரிக்க கேலன் தூவும்ங்கிறது (ஒரு கேலன் 3.785 லிட்டர்), ரெண்டாவது தூவுற கோணம். பம்ப 10 பாருக்கு ஏத்தி வச்சிருந்தா அதே நாசில் கிட்டத்தட்ட 1.5 கேலன் ஊத்தும், அதனால கேஜ் போட்டுப் பிரஷர் பாக்காம நாசில் நம்பர மட்டும் சொல்ற ஆள நம்பாதீங்க. அடைச்ச நாசில ஊசியால குத்துறது, கம்பியால தேய்க்கிறது எல்லாம் கூடவே கூடாது, அந்த ஓட்ட லேசா கோணலானாலும் தீ ஒரு பக்கமா சாஞ்சு சேம்பர் சுவத்துல நக்கும். வருஷம் ஒரு தடவ புதுசு மாத்துறதுதான் நல்லது.

டேம்பர் திருப்புறதையும் கண்ண வச்சு பண்ணக் கூடாது, ரொம்ப திறந்துட்டா புகை நிக்கும், ஆனா சூடெல்லாம் சிம்னி வழியா வானத்துக்குப் போயிரும். ஸ்மோக் பம்ப்னு ஒன்னு இருக்கு, வெள்ளப் பேப்பர்ல புகைய இழுத்து, பேப்பர்ல விழற கறைய 0ல இருந்து 9 வரைக்கும் போட்டிருக்கிற அட்டையோட ஒப்பிட்டுப் பாப்போம். கறை 0லயோ 1லயோ நிக்கணும், அதுக்கு மேல காத்த ஏத்தக் கூடாது. கூடவே சிம்னி சூட்ட அளந்து சுவத்துல எழுதி வச்சிருங்க. பின்னால அது 22 டிகிரி ஏறுனா சுமார் ஒரு சதவீதம் எஃபிஷியன்சி போச்சுன்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பான பீஈஈ (BEE) போட்ட புக்குலயே இருக்கு, உள்ள கரியோ உப்போ ஏறிருச்சுன்னு அர்த்தம். இத்தன நாள் புகையில ஓட்டியிருக்கீங்க, டியூபுக்குள்ள கரி கட்டியிருக்கும், முதல்ல பிரஷ் போட்டு அத எடுத்துட்டு அப்புறம் செட் பண்ணச் சொல்லுங்க. பக்கத்து வீட்டம்மாகிட்டயும் ஒரு வார்த்த போய் சொல்லிருங்க, அவங்க துணி காயப்போடுற மாடி அது.

கேள்வி: டீசல் டேங்க கீழ பார்க்கிங்லயும் ஹீட்டர நாலாவது மாடிலயும் வைக்கலாம்னு பிளம்பர் சொல்றார். சரிதானா? – ஹொரமாவு வாசகர்

பதில்: நேரா இழுக்காது. பர்னர்ல (டீசல தூவி எரிக்கிற பாகம்) இருக்கிற பம்ப் மூனு, மூன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல உறிஞ்சாது, அதுக்கு மேல போனா எண்ணெய்க்குள்ள குமிழி கிளம்பி தீ விட்டு விட்டு எரியும். மாடிலயே சின்னதா ஒரு டே டேங்க் (அன்னன்னைக்கு வேண்டிய எண்ணெய மட்டும் வைக்கிறது) வச்சு, கீழ இருந்து தனி பம்ப் போட்டு ஏத்தணும், டே டேங்க் நெறஞ்சா தானா நிக்கிற ஃப்ளோட் சுவிட்ச், வழிஞ்சா கீழ டேங்குக்கே இறங்குற ஓவர்ஃப்ளோ பைப், பர்னருக்கு முன்னாடி சூடு பட்டா தானா மூடிக்கிற ஃபயர் வால்வ், இது மூனும் இல்லாம வேலைய முடிச்சுட்டேன்னு சொன்னா காசு குடுக்காதீங்க. டேங்க் அவுட்லெட் அடிமட்டத்துல இருந்து ரெண்டு இஞ்சு மேல இருக்கட்டும், அடில ட்ரெயின் வால்வ் தனியா, மாசம் ஒரு தடவ அதத் திறந்தா முதல்ல தண்ணிதான் வரும். 2,500 லிட்டருக்கு மேல டீசல் வச்சாலோ, ஒரே டேங்க் 1,000 லிட்டர தாண்டினாலோ பெட்ரோலியம் சட்டப்படி லைசன்ஸ் வேணும், அதுக்குள்ள இருந்தாலும் கார் நிக்கிற இடத்துல வேண்டாம்னுதான் சொல்வேன்.

ஹீட்டர் ரூமுக்கு எப்பவும் மூட முடியாத ஜன்னல் இருக்கணும். குளிருதுன்னு வாட்ச்மேன் சாக்கு வச்சு அடைப்பார், அவர் மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, அங்க படுக்க வேண்டாம்னு வேற இடம் குடுங்க. காத்து பத்தாம எரிஞ்சா வர்ற கார்பன் மோனாக்சைடு விஷ வாயு, அதுக்கு வாசனையே கிடையாது.

கேள்வி: டீசல்ல கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தா புகை வராதாமே?

பதில்: வேண்டாம். டீசலோட வழவழப்புலதான் பர்னர் பம்போட பல்சக்கரம் ஓடுது, மண்ணெண்ணெய்ல அது கம்மி, பம்ப் சீக்கிரம் தேயும்.

கேள்வி: புதுசா பிஜி ஆரம்பிக்கிறேன். டீசல் ஹீட்டர் போடவா, கரண்ட்டா?

பதில்: கணக்கு போட்டுருவோம். 1,000 லிட்டர் தண்ணிய 20 டிகிரில இருந்து 60க்கு ஏத்த 40,000 கிலோ கலோரி வேணும். நல்லா சர்வீஸ் பண்ண டீசல் ஹீட்டர்ல அஞ்சரை லிட்டர் போகும். கம்பி கீசர்ல 46, 47 யூனிட். ஹீட் பம்ப்ல (வெளிக்காத்துல இருக்கிற சூட்ட எடுத்து தண்ணிக்குத் தர்ற மெஷின்) சுமார் 15, 16 யூனிட்தான். உங்க டீசல் விலையையும் கரண்ட் பில்லுல இருக்கிற ரேட்டையும் வச்சுப் பெருக்கிப் பாருங்க. முப்பது ஆளுக்குள்ளன்னா நான் சோலாரோட ஹீட் பம்ப்தான் போடச் சொல்வேன், டீசல் பர்னர்லயே காலம் பூரா வேல பாத்தவன் மனசார சொல்றது இது. ஒரே நேரத்துல நூறு பேர் குளிக்கணும், கரண்ட் ஆபீஸ்ல கூடுதல் லோடுக்கு சேங்ஷன் கிடைக்கல, அடிக்கடி கரண்ட் போகுதுன்னா டீசல் வைங்க, பர்னர் மோட்டாருக்கு சின்ன ஜெனரேட்டரே போதும்.

எது வாங்குனாலும் போர் தண்ணியா காவேரி தண்ணியான்னு முதல்ல பாருங்க. போர் தண்ணின்னா முன்னாடி தண்ணி உப்ப எடுக்கிற சாஃப்ட்னர் கண்டிப்பா வேணும், ஒரு மில்லிமீட்டர் உப்பு படிஞ்சாலே எரிபொருள் 5ல இருந்து 8 சதவீதம் கூட இழுக்கும். டேங்குக்குள்ள ஆனோடு ராடு (டேங்க் துருப்பிடிக்காம தான் கரையுற கம்பி) இருந்தா வருஷம் ஒரு தடவ வெளிய எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, பாதிக்கு மேல கரஞ்சிருந்தா மாத்திருங்க.