எட்டு மாதக் குழந்தைக்கு மூளைப் பயிற்சி அட்டைகள் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம் ஆகிறது. மூளை வளர்ச்சியில் 90 சதவீதம் 5 வயதுக்குள் முடிந்துவிடும் என்று படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. படங்கள் அச்சிட்ட பயிற்சி அட்டைகள் வாங்கினேன். கைபேசியில் பாட்டு வீடியோக்களைத் தினமும் காட்டுகிறேன். நான் வேலைக்குப் போவதால் பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். மகளுக்கு ஏதாவது குறை வைத்துவிடுவேனோ?

பதில்: நீங்கள் படித்தது பாதிதான் உண்மை. 5, 6 வயதுக்குள் பெரியவர்களின் அளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டுவது மூளையின் பருமன். அறிவு வளர்வதற்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. பயிற்சிப் பொருள் விற்பவர்களுக்கு மட்டும் இந்த 90 மிகவும் பிடித்த எண்.

பிறக்கும்போது 350 முதல் 400 கிராம் வரை இருக்கும் மூளை, முதல் பிறந்தநாளுக்குள் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. நரம்பணுக்களில் பெரும்பாலானவை கருவிலேயே உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு பெருகுவது அவற்றுக்கு இடையிலான இணைப்புகள்தாம். தேவைக்கு அதிகமாகவே இணைப்புகளைப் போட்டுவிட்டு, அடிக்கடி பயன்படுவதை வலுப்படுத்தி, மற்றதை மூளையே கழித்துவிடுகிறது. பார்வைப் பகுதியில் இந்த இணைப்புகள் முதல் ஆண்டிலேயே உச்சத்தைத் தொடுகின்றன. திட்டமிடவும் பொறுமை காக்கவும் உதவும் நெற்றிப் பக்கத்து மூளையோ 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். 5 வயதில் கதவு எதுவும் சாத்தப்படுவதில்லை.

காலக்கெடு கறாராக இருக்கும் விஷயங்கள் வேறு. பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களிலேயே கவனிக்க வேண்டும். பிறவித் தைராய்டு குறைபாட்டுக்குப் பிறந்த 2 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்குவது நல்லது. கேட்கும் திறனும் அப்படித்தான். இந்தப் பரிசோதனைகள் உங்கள் மகளுக்கு நடந்தனவா என்று பழைய மருத்துவக் குறிப்பில் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே கேளுங்கள். 6 மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது. இணை உணவில் அது இருக்க வேண்டும். அட்டைக்குச் செலவழித்த கவலையை இதற்குச் செலவழித்திருக்கலாம்.

இனி வீடியோ. அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டின் 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் அமர்ந்து விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள் திரையில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்.

உங்கள் மகள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பாள். நீங்கள் "அடடா, விழுந்துவிட்டதா?" என்று எடுத்துக் கொடுப்பீர்கள். மறுபடியும் போடுவாள். உங்களுக்குச் சலிப்புத் தட்டும் இந்த விளையாட்டில் அவள், விழும் பொருள் எங்கே போகிறது, எந்தச் சத்தம் கேட்கும், தான் ஒன்று செய்தால் எதிரே இருப்பவர் என்ன செய்வார் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் சோதிக்கிறாள். அவள் "பாபாபா" என்றால் நீங்களும் சொல்லிவிட்டு, அவள் முறைக்குக் காத்திருங்கள். திரை காத்திருக்காது. பாட்டி காத்திருப்பார், இதற்குத் தாய்தான் வேண்டும் என்பதில்லை. ஆகவே வேலைக்குப் போவதை எண்ணிக் குற்ற உணர்வு வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். 9 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது, 12 மாதத்தில் மழலை ஒலிகளோ கையசைப்போ இல்லாதது, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராதது, வந்த சொல்லோ திறனோ எந்த வயதிலும் மறைந்துபோவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குழந்தை நல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். "எங்கள் குடும்பத்தில் எல்லோருமே தாமதமாகத்தான் பேசினோம்" என்று யார் சொன்னாலும் தள்ளிப்போட வேண்டாம்.