லால்பாக் பாறை டைனோசர் காலத்ததா?

பெங்களூரு லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை டைனோசர் காலத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, மிக மிக முந்தியது. அதற்கு ஏறத்தாழ 300 கோடி வயது. ஆர்க்கியன் பேரூழியைச் சேர்ந்தது. டைனோசர்கள் தோன்றியே சுமார் 23 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன.

பூமியின் வரலாற்றைப் பேரூழி, அதற்குள் ஊழி, அதற்குள் காலம் என்று புவியியலாளர்கள் பிரிக்கிறார்கள். இவை சம நீளமுள்ளவை அல்ல. பெரும்பாலும் பாறையில் பதிந்த மாற்றமே எல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதில் படிந்த, இரிடியம் என்ற அரிய உலோகம் மிகுந்த மெல்லிய களிமண் அடுக்கோடு, டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேசியஸ் காலம் முடிகிறது. எத்தனை துல்லியமான கோடு!

லால்பாக் பாறையில் புதைபடிவங்கள் கிடையாது. இத்தகைய பாறைகளில் உள்ள சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தே வயதைக் கணக்கிடுகிறார்கள். ஆர்க்கியனின் முடிவையும் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று எண்ணாலேயே வரையறுத்தார்கள்.