கண்டல் கண்டும் வீச்சு வலையும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜூன் 5, சுற்றாடல் தினத்தன்று எங்கள் கழகம் மட்டக்களப்பு வாவிக் கரையில் ஆயிரம் கண்டல் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்) கண்டுகள் நடப்போகிறது. கண்டுக்கும் ரீசேட்டுக்கும் ஒரு நிறுவனம் காசு தருகிறது. வெறுஞ்சேறாகக் கிடந்த இடத்தைப் பார்க்கப் போனபோது வீச்சு வலைக்காரர் ஒருவர், "இதுக்குள்ள நட்டா எங்கட தொழிலும் போகும், உங்கட கண்டும் போகும்" என்று சத்தம் போட்டார். சுனாமியில் இத்தனை பேரைப் பறிகொடுத்த ஊர் இது. கரையைக் காக்க இவர்களே தடையாக நின்றால் என்ன செய்வது?
(வாசகர், கல்லடி)

அன்புள்ள தம்பி,

"உங்கட கண்டும் போகும்" என்றாரே, அதைக் கோபப் பேச்சென்று தள்ளிவிட்டீர்கள். அவர் சொன்னது சரி.

மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம் பெரும்பாலும் மழையையும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தையும் பொறுத்தது. கோடையில் பாலமீன்மடுவில் உள்ள முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும், வாவி வற்றும். நீங்கள் பார்த்த வெறுஞ்சேறு அதுதான். கச்சான் என்ற வறண்ட காற்றடிக்கும் ஜூனில் நட்டால் பாதிக் கண்டு காய்ந்துபோகும். மிஞ்சியது மாரியில், முகத்துவாரம் திறக்கும் வரை நீருக்குள் கிடக்கும். கண்டலுக்கு உப்பும் சேறும் ஒத்துக்கொள்ளும், இளம் கண்டு நாட்கணக்கில் மூழ்கிக் கிடப்பது ஒத்துக்கொள்ளாது.

சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 9 இடங்களில் ஒரு கண்டுகூட இல்லை. 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட முயன்றதில் தேறியது 200 சொச்சம். இடம் பிழை, இனம் பிழை, நட்ட பிறகு பார்க்க ஆளில்லை, மாடு மிதித்துவிட்டது. நீளக் காய் உள்ள கண்டலைத்தான் அதிகம் குத்தியிருக்கிறார்கள். குத்தியவுடன் நிமிர்ந்து நிற்கும், படமும் நன்றாக வரும் என்பதாலோ என்னவோ.

அப்புறம் சுனாமி. அது வந்தது கடற்பக்கமாக, நீங்கள் நடப்போவது வாவிப்பக்கம். கடற்பக்க மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தாழையும். அவற்றைப் பிடுங்கிவிட்டுத்தான் பலர் கடற்கரையைத் 'துப்புரவு' செய்கிறார்கள்.

இனி, தடையாக நிற்பது யார்? வாவிக் கண்டல் பெருமளவு அழிந்தது இறால் பண்ணைகளுக்காகவும், போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்றும், கரையை நிரவிக் கட்டடம் எழுப்பவும். வீச்சு வலைக்காரர் அதைச் செய்யவில்லை. கண்டல் வேரடியில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகு இல்லாதவருக்கு அந்த ஆழமில்லாத நீர்தான் தொழில். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டடம் கட்டக்கூடாது என்றார்கள், தெற்கில் 100 மீற்றர்தான். விடுதிகளுக்கு இளக்கம் காட்டுவதாக அப்போதே பேச்சு எழுந்தது. அதையெல்லாம் பார்த்தவரிடம் "கரையைக் காக்கிறோம்" என்று போய் நின்றால் முறைக்கத்தான் செய்வார்.

பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணியில் ஆட்களை ஏற்றிக் கண்டல் காட்டுகிறார்கள். கண்டல் நின்றால் அவர்களுக்கு வருமானம். இங்கேயும் அப்படியே செய்யச் சொல்லவில்லை, எல்லா ஊருக்கும் வெள்ளைக்காரர் வரமாட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இது. முன்பு கண்டல் நின்று வெட்டப்பட்ட இடம் எது, தானாகக் கண்டு முளைக்கும் இடம் எது என்று அந்த மனிதரிடமே கேளுங்கள். தண்ணீர் ஓட்டம் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். மாடு நுழையாமல் வேலி போடுங்கள். விதை தானாக வந்து சேரும், வராத இடத்தில் மட்டும் நடலாம். நிறுவனம் ஜூன் 5ஐ விடாது என்றால் அன்று வேலி வேலையைத் தொடங்குங்கள். அவரை அழைத்தால் நாட்கூலி கொடுங்கள், ஒருநாள் தொழிலை விட்டு வருகிறவர்.